பிடிக்காத துறைமுகம் வழியில் இருந்தால் அந்தக் கப்பலையே விட்டுவிடலாமா?

தண்டையார்பேட்டைவாசி

எல்லாருக்கும் வணக்கம். அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். குடும்பத்தோடு ஒரு கப்பல் பயணம் போக வேண்டும் என்று வீட்டில் ரொம்ப நாளாகப் பேச்சு. அப்பா, அம்மா, நான், மனைவி, கல்லூரியில் சேரப்போகிற மகள், நாலாவது படிக்கும் மகன் என்று ஆறு பேர்.

இரண்டு வழி பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று, நம்ம சென்னை ஹார்பரிலேயே ஏறி இலங்கைக்குப் போய்த் திரும்புவது. 2023 ஜூனில் எம்பிரஸ் கப்பல் இங்கிருந்து போகத் தொடங்கியபோது அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று அறிவித்திருந்தார்கள். அந்த மாதிரிப் பாதை வரும் சீசனில் கிடைத்தால் எடுக்கலாம் என்று எண்ணம். இன்னொன்று, சிங்கப்பூர் வரை விமானம், அங்கிருந்து பினாங்கு, புக்கெட் போய்வரும் கப்பல்.

அப்பாவுக்கு அம்பாந்தோட்டை என்ற பெயரே ஆகவில்லை. "அந்த ஊரில் நான் கால் வைக்க மாட்டேன்" என்கிறார். அம்மா யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசாமியைப் பார்க்க வேண்டும் என்பதால் காங்கேசன்துறை வேண்டும் என்கிறார். மனைவிக்கு புக்கெட் வேண்டாம். பிள்ளைகளுக்கு ஊர் எதுவானாலும் சரி, கப்பல் பெரிதாக இருந்தால் போதும். ஆளுக்கு ஒரு துறைமுகத்தைத் தள்ளிக்கொண்டே போனால் எந்தக் கப்பலிலும் ஏற முடியாது போலிருக்கிறது. ஒரு ஊர் பிடிக்கவில்லை என்பதற்காகப் பயணத்தையே மாற்றலாமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

காசிமேட்டுக் கடலோடி

தம்பி, நான் பயணிகள் கப்பல்களில் வேலை பார்த்தவன். ஒரு துறைமுகம் எப்படிப் பாதைக்குள் வருகிறது என்று தெரிந்துவிட்டால் அதன் மேல் இருக்கும் கோபம் பாதி போய்விடும்.

அந்த ஊரைப் பார்க்க ஜனங்களுக்கு ஆசை என்பது ஒரு காரணம்தான். ராத்திரி முழுக்கச் சிக்கனமான வேகத்தில் ஓடினால் விடியும்போது எங்கே போய்ச் சேரலாம், அங்கே இவ்வளவு நீளக் கப்பலைக் கட்ட இடமும் ஆழமும் உண்டா, அன்றைக்கு பெர்த் (கப்பல் கட்டும் இடம்) காலியா, கட்டணம் எவ்வளவு, இதையெல்லாம் பார்த்துத்தான் பாதை போடுவார்கள். எம்பிரஸ் 1990இல் கட்டின கப்பல், 211 மீட்டர் நீளம். இப்போது வரும் பெரிய கப்பல்களோடு ஒப்பிட்டால் சிறியது. அதனால்தான் பெரியவை எட்டிப் பார்க்காத துறைமுகங்களுக்கும் அது போக முடிகிறது.

சில ஊர்கள் சட்டத்துக்காகவே பாதையில் வந்துவிடும். அமெரிக்காவில் 1886இல் போட்ட பயணிகள் கப்பல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. அங்கே ஆள் ஏற்றி அங்கேயே இறக்கும் வெளிநாட்டுக் கொடிக் கப்பல், அதாவது வேறு நாட்டில் பதிவான கப்பல், இடையில் வேறு நாட்டுத் துறைமுகம் ஒன்றையாவது தொட்டாக வேண்டும். சியாட்டிலிலிருந்து அலாஸ்கா போகும் கப்பல் கனடாவின் விக்டோரியாவில் சாயங்காலம் கொஞ்ச நேரம் நிற்பது இதனால்தான். கலிஃபோர்னியாவிலிருந்து ஹவாய் போய்த் திரும்பும் கப்பல் மெக்சிகோவின் என்செனாடாவைத் தொடுவதும் அப்படித்தான். அந்த ஊர்களைக் குறை சொல்லாத பயணி குறைவு. ஆனாலும் அதற்காக யாரும் அலாஸ்காவை விடுவதில்லை.

இன்னொன்று, பிடிக்காத ஊரில் இறங்காமல் கப்பலிலேயே இருந்துவிடலாம். கூட்டம் இறங்கிப் போன பிறகு நீச்சல் குளம் காலியாகக் கிடக்கும், லிஃப்டுக்குக் காத்திருக்க வேண்டாம், சாப்பாட்டுக் கூடத்தில் ஜன்னலோர மேஜை கிடைக்கும், ஸ்பாவில் அன்றைக்கு மட்டும் விலை குறைப்பார்கள். கேசினோவும் வரியில்லாக் கடையும்தான் துறைமுகத்தில் நிற்கும்போது பெரும்பாலும் பூட்டியிருக்கும். உங்கள் மகனுக்கு அதுதான் பயணத்திலேயே நல்ல நாளாக இருக்கும்.

ஒரு ஊருக்காகக் கப்பலைத் தள்ளாதீர்கள்.

ராயபுரம் அக்கா

கடலோடி அண்ணன் சொல்வது பத்து நாள் பயணத்துக்குப் பொருந்தும். நம்ம ஊரிலிருந்து கிளம்புபவை எல்லாம் இரண்டு இரவு, நாலு இரவு, ஐந்து இரவு. இதில் கரையில் நிற்கும் நாளே இரண்டோ மூன்றோதான். அதில் ஒன்றை வேண்டாம் என்று கேபினில் உட்கார்ந்து கழித்தால் கொடுத்த காசுக்கு என்ன அர்த்தம்? துறைமுகக் கட்டணமும் வரியும் டிக்கெட் விலைக்கு மேலே தனியாக வரும். இறங்கினாலும் இறங்காவிட்டாலும் தொகை ஒன்றுதான். ஆறு பேருக்கு அது சின்னத் தொகை ஆகாது.

கப்பல் மட்டும் போதும் என்றால் அதற்கென்றே பயணம் இருக்கிறது. 2022 ஜூனில் இங்கிருந்து முதலில் ஓடியதே நடுக்கடல் வரை போய்த் திரும்பும் இரண்டு இரவுப் பயணம்தானே? விசா வேண்டாம், கரை வேண்டாம், செலவும் குறைவு. அதைத் தாண்டி அதிகம் செலவழித்து ஐந்து இரவு போகிறோம் என்றால் அந்த ஊர்களுக்காகத்தான் போகிறோம். அப்போது ஊர் பிடிக்க வேண்டாமா?

என் கணக்கில் பாதைதான் முதலில். அப்புறம்தான் கப்பல், கேபின், சாப்பாடு எல்லாம்.

மண்ணடி பயணி

அக்கா, உங்கள் கணக்கில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். பிடிக்காத ஊர் பாதையில் இருந்தால் இறங்காமல் இருந்துவிடலாம். பிடித்த ஊர் பாதையில் இல்லாவிட்டால் அதற்கு மருந்தே கிடையாது. அதனால் நான் முதலில் பார்ப்பது வீட்டில் யாருக்கு எந்த ஊர் வேண்டும் என்பதைத்தான். வேண்டாம் என்கிற பட்டியல் அப்புறம். தண்டையார்பேட்டை சார் வீட்டில் அம்மா ஒருவர்தான் ஒரு ஊரை வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அப்பாவும் மனைவியும் வேண்டாம் என்பதை மட்டும்தான் சொல்லியிருக்கிறார்கள். முடிவு அந்த அம்மாவிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

சிங்கப்பூர்ப் பக்கம் எனக்குப் பழக்கம், அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அங்கே ஊரைப் பிடிக்கவில்லை என்பவர்களில் நிறையப் பேருக்கு உண்மையில் பிடிக்காமல் போனது பஸ் பயணம். பிரசுரத்தில் பாங்காக் என்று இருக்கும், கப்பல் நிற்பது லெம் சாபாங்கில். அங்கிருந்து பாங்காக் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம், டிராஃபிக் இருந்தால் இன்னும் கூட. கோலாலம்பூர் என்று இருக்கும், நிற்பது போர்ட் கிள்ளானில், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டம். ஐரோப்பாவிலும் இதே கதைதான், ரோம் என்று போட்டு 80 கிலோமீட்டர் தள்ளி சிவிட்டாவெக்கியாவில் இறக்குவார்கள். காலையில் இறங்கி மாலைக்குள் திரும்ப வேண்டியவர்களுக்கு நகரத்தில் மிஞ்சுவது இரட்டைக் கோபுரத்தின் முன்னால் ஒரு போட்டோ எடுக்கும் நேரம்தான். அப்புறம் "கோலாலம்பூரில் ஒன்றுமில்லை" என்று வந்து எழுதுவார்கள்.

போர்ட் கிள்ளானில் இறங்கினால் நான் கோலாலம்பூர் போக மாட்டேன். கிள்ளான் ஊருக்குள் தெங்கு கிளானா சாலையில் நம்ம ஆட்களின் கடைத்தெரு இருக்கிறது. பூக்கடை, ஜவுளிக்கடை, வாழையிலைச் சாப்பாடு எல்லாம் உண்டு. ஓடாமல் ஆடாமல் ஒரு பகலை அங்கே கழிக்கலாம்.

பினாங்கு இதற்கு நேர் எதிர். சுவெட்டன்ஹாம் துறையில் கப்பல் நின்றால் ஊர் வாசலிலேயே இறங்கின மாதிரி. பஸ்ஸே வேண்டாம். 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பழைய நகரம் முழுக்க நடை தூரம். தமிழ் முஸ்லிம்கள் வளர்த்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், மகாமாரியம்மன் கோவில், சீனக் கோவில், எல்லாம் ஒன்றையடுத்து ஒன்று. பெரியவர்களுக்கு அது சுலபம்.

புக்கெட் பாத்தோங் பக்கம் பெரிய கப்பல்கள் கரையில் கட்டாமல் கடலிலேயே நங்கூரம் போட்டுச் சிறு படகில் இறக்கும். உங்கள் மனைவி வேண்டாம் என்றது எதனால் என்று கேளுங்கள். ராத்திரிக் கடைத்தெருவை நினைத்துச் சொல்கிறார் என்றால் அதைப் பார்க்காமலே தீவின் மற்ற பக்கங்களுக்குப் போகலாம். படகில் இறங்கி ஏறுவதற்கு யோசிக்கிறார் என்றால் அது நியாயமான காரணம். பாட்டி தாத்தாவோடு போகும்போது அதைப் பார்க்கத்தான் வேண்டும்.

எண்ணூர்க்காரன்

சிங்கப்பூர், பினாங்கு எல்லாம் சரி. உலகம் முழுக்கப் பயணிகள் பிடிக்கவில்லை என்று எழுதும் துறைமுகங்களில் நம்ம சென்னையும் ஒன்று என்பதை இங்கே யாராவது யோசித்தீர்களா?

வெளிநாட்டுக் கப்பலில் வருகிறவர் கண்ணில் முதலில் படுவது கிரேனும் கன்டெய்னரும். 2011 வரை நிலக்கரித் தூசியும் இருந்தது. உயர் நீதிமன்றம் தலையிட்டுத்தான் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் ஹார்பரை விட்டு எங்கள் எண்ணூருக்கு வந்தன. அதை நாங்கள் சுவாசித்துக்கொண்டிருக்கிறோம், அது வேறு கதை. இறங்கினதும் அவர்களை ஏசி பஸ்ஸில் ஏற்றி ராஜாஜி சாலையைக் கடந்து நேரே மயிலாப்பூருக்கோ மாமல்லபுரத்துக்கோ கொண்டு போய்விடுவார்கள். திரும்பி வரும்போது லாரி வரிசையில் மாட்டிக்கொள்வார்கள். சென்னை என்றால் வெயிலும் நெரிசலும் என்று எழுதிவிட்டுப் போவார்கள்.

ஹார்பர் மதிலுக்கு இந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் காட்டுவதில்லை. தம்புச்செட்டித் தெருவில் காளிகாம்பாள் இருக்கிறாள். அர்மீனியன் தெருவில் அந்தப் பழைய தேவாலயம் இருக்கிறது, உள்ளே போனால் வெளிச்சத்தம் கேட்காது. ராயபுரம் ரயில் நிலையம் 1856இல் திறந்தது, தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய இடம். காசிமேட்டில் விடியற்காலை ஏலம் பார்த்தால் போதும், இந்த ஊர் எதனால் வாழ்கிறது என்று புரியும். கொஞ்சம் வடக்கே போனால் மூவர் பாடிய திருவொற்றியூர். எல்லாமே ஹார்பரிலிருந்து ஆட்டோ தூரம்.

இதைப் பார்க்காமலே ஒருவர் சென்னை பிடிக்கவில்லை என்றால் எனக்கு வயிறு எரிகிறது. அதனால்தான் சொல்கிறேன், அடுத்த ஊரைப் பற்றி நெட்டில் நாலு பேர் எழுதின குறையை வைத்து முடிவு செய்யாதீர்கள். அம்பாந்தோட்டையில் ஒன்றுமே இல்லை என்று நிறைய இடத்தில் படித்திருப்பீர்கள். அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் கதிர்காமம். அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய தலம். முருகன் மேல் பற்றுள்ள வீட்டுக்கு அது ஒன்றுமில்லாத ஊரா?

வியாசர்பாடி விமல்

நான் வேறு பக்கத்திலிருந்து வருகிறேன். துறைமுகத்தைப் பார்த்துக் கப்பலைத் தேர்ந்தெடுக்கவே கூடாது, ஏனென்றால் அந்தத் துறைமுகத்துக்குக் கப்பல் போகும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. டிக்கெட்டோடு வரும் நிபந்தனைகளைப் படியுங்கள். வானிலை, பாதுகாப்பு, அரசு அனுமதி என்று எந்தக் காரணத்துக்காகவும் ஒரு துறைமுகத்தை விடவோ மாற்றவோ கம்பெனிக்கு உரிமை உண்டு என்று இருக்கும். பெரும்பாலும் அந்த ஊரின் துறைமுகக் கட்டணத்தை மட்டும் திருப்பித் தருவார்கள், அவ்வளவுதான்.

2022 ஜூனில் நடந்தது நினைவிருக்கும். சென்னை, விசாகப்பட்டினம், புதுச்சேரி என்று போட்டுக் கிளம்பின கப்பலுக்குப் புதுச்சேரியில் அனுமதி கிடைக்கவில்லை. கப்பலில் கேசினோ இருப்பது பெரிய விவகாரமாகி, ஆட்களை இறக்காமலே திரும்பியது. புதுச்சேரிக்காகவே ஏறினவர்கள் என்ன செய்திருப்பார்கள்?

கப்பல் பிடித்திருக்கிறதா, விலை கட்டுப்படியாகிறதா, லீவு ஒத்துவருகிறதா, இந்த மூன்றும் போதும்.

ராயபுரம் அக்கா

விமல் தம்பி, மாறலாம் என்பதற்காகப் பாதையையே பார்க்காமல் இருக்க முடியாது. எது மாற அதிக வாய்ப்பு என்று பார்க்க வேண்டும். படகில் இறக்கும் துறைமுகம்தான் காற்றடித்தால் முதலில் கைவிடப்படும். கப்பலைக் கட்டி வைத்து ஏணி போடும் இடம் அவ்வளவு சுலபமாக விட்டுப் போகாது. அம்மாவுக்கு வேண்டிய ஊர் எந்த வகை என்று கேட்டுக்கொள்ளலாமே.

மண்ணடி பாய் சொன்னது மனதில் நிற்கிறது. வேண்டும் என்பதை முதலில் வைக்கச் சொன்னது சரிதான். ஆனால் குறுகிய பயணத்தில் பிடிக்காத ஊர் ஒன்றுக்கு மேல் இருந்தால் விட்டுவிட வேண்டும் என்பதில் நான் மாறவில்லை.

தண்டையார்பேட்டைவாசி

எல்லாருக்கும் நன்றி. மனைவியிடம் கேட்டேன், புக்கெட்டில் படகில் இறங்க மாமியாரால் முடியாது என்றுதான் வேண்டாம் என்றாராம். அது எனக்குத் தோன்றவே இல்லை.

அப்பாவின் காரணத்தை நான் சரியாகச் சொல்லாமல் விட்டுவிட்டேன். எண்ணூர் அண்ணன் அதை ஊரில் ஒன்றுமில்லை என்ற அலுப்பாக எடுத்துக்கொண்டார். அப்படியில்லை. 2009 ஜனவரியில் முத்துக்குமார் தீக்குளித்து இறந்தபோது கொளத்தூரிலிருந்து மூலக்கொத்தளம் வரை போன ஊர்வலத்தில் அப்பா நடந்தார். அந்த மே மாதம் வீட்டில் டிவி போடவே விடவில்லை. அம்பாந்தோட்டை ராஜபக்சவின் சொந்த மாவட்டம், துறைமுகத்துக்கே அவர் பெயரை வைத்தார்கள். அங்கே போய்ப் படம் எடுத்துக்கொண்டு வருவதா என்கிறார். இதை வெயில், தூரம் போல எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

புழல் பெண்

நான் இங்கே அதிகம் எழுதுவதில்லை. அம்மம்மாவின் ஊர் காங்கேசன்துறைக்குப் பக்கம். 1990இல் அந்தப் பகுதி முழுக்க ராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயம் ஆனபோது வெளியேறியவர்கள். நான் இங்கே புழல் முகாமில் பிறந்தேன். எங்கள் வீட்டில் யாரிடமும் பாஸ்போர்ட் இல்லை. நீங்கள் போகலாமா வேண்டாமா என்று பேசும் துறைமுகத்துக்கு எங்களால் போக முடியாது.

உங்கள் அப்பாவின் எண்ணத்தை நான் மதிக்கிறேன். அவர் அம்பாந்தோட்டையில் இறங்க வேண்டாம். அதற்கு யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை, ஊரில் பார்க்க என்ன இருக்கிறது என்று சொல்லி அவரை மாற்றவும் பார்க்காதீர்கள். ஆனால் காங்கேசன்துறையை அதோடு சேர்க்க வேண்டாம். அங்கே வந்து இறங்குகிறவர்களால் பிழைக்கிறவர்கள் எங்கள் சனம். எங்கள் உறவுகள் இப்போதும் அந்தப் பக்கம் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லி எனக்குத் தெரிந்தவற்றை எழுதுகிறேன்.

துறைமுகத்திலிருந்து கீரிமலை மிகக் கிட்ட. கடலை ஒட்டியே நன்னீர்க் கேணி, மேலே நகுலேஸ்வரம். ஆடி அமாவாசைக்கு இறந்தவர்களுக்குக் கடன் செய்ய எல்லா ஊரிலிருந்தும் அங்கே வருவார்கள். நல்லூர் இருபது கிலோமீட்டருக்குள். திருவிழா ஆடி, ஆவணியில் இருபத்தைந்து நாள் நடக்கும், அந்த நேரத்தில் கப்பல் இருந்தால் அம்மாவுக்குப் பெரிய பேறு. யாழ்ப்பாணத்தில் நூலகம் பாருங்கள், 1981இல் எரித்து மறுபடி எழுப்பியது.

கப்பலில் விற்கும் சுற்றுலாவை எடுக்காமல் அங்கேயே தமிழ் டிரைவர் வைத்திருக்கும் வேன் பேசினால் காசு ஊருக்குள் போகும். கரையோரம் தல்செவன என்று ஒரு ஹோட்டல் இருக்கிறது, அதை நடத்துவது ராணுவம். சாப்பாட்டுக்கு எங்கே கூட்டிப் போகிறார்கள் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே பார்க்க ஒன்றுமில்லை என்று யாராவது சொன்னால், இருந்ததை இடித்ததால்தான் இல்லை என்று உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

எண்ணூர்க்காரன்

தங்கச்சி எழுதியதற்கு நன்றி. தண்டையார்பேட்டை தம்பி, கதிர்காமம் பற்றி நான் சொன்னதை அப்பாவிடம் காட்ட வேண்டாம். அவர் அவர் விருப்பப்படியே இருக்கட்டும்.

காசிமேட்டுக் கடலோடி

தம்பி, அப்பா இறங்க மாட்டார் என்றால் ஒன்றை இப்போதே விசாரித்து வையுங்கள். ஒரு நாட்டின் முதல் துறைமுகத்தில் எல்லாப் பயணியும் ஒரு முறை இறங்கி இமிக்ரேஷன் முடிக்க வேண்டும் என்று சில இடங்களில் கேட்பார்கள். சில இடங்களில் அதிகாரிகளே கப்பலுக்குள் வந்து முடித்துவிடுவார்கள். முதல் துறைமுகம் அம்பாந்தோட்டையாக இருந்தால் அவருக்கு இது முக்கியமான கேள்வி. முதலில் திருகோணமலையோ காங்கேசன்துறையோ வரும் பாதை கிடைத்தால் இந்தக் கேள்வியே எழாது.

சீசனையும் பாருங்கள். தென்மேற்குப் பருவக் காற்றில் அரபிக் கடல் கொந்தளிக்கும், மும்பைப் பக்கம் ஓட முடியாது. அதனால்தான் ஜூனிலிருந்து கப்பல் நம்ம பக்கம் வருகிறது. அந்த மாதங்களில் திருகோணமலைப் பக்கம் கடல் நன்றாக இருக்கும், இலங்கையின் தென் முனையில் ஆட்டம் இருக்கும். அக்டோபருக்கு மேல் வங்கக் கடலை நம்ப வேண்டாம்.

தண்டையார்பேட்டைவாசி

புழல் சகோதரியின் பதிவை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. நேற்று சாப்பிடும்போது, கீரிமலையில் எள்ளும் தண்ணீரும் இறைக்க வெளியாட்களை விடுவார்களா என்று கேட்டார். சொந்தக்காரருக்காக இல்லை, அங்கே உயிர் போனவர்களுக்காக என்றார்.

சிங்கப்பூரை இப்போதைக்கு ஒத்தி வைத்தாயிற்று. காங்கேசன்துறை உள்ள பாதை வந்தால்தான் பதிவு செய்வோம். அம்பாந்தோட்டையும் அதில் இருந்தால் அப்பாவும் நானும் கப்பலில் இருப்போம். அது முதல் துறைமுகமாக இருந்தால் கடலோடி அண்ணன் சொன்னதைக் கேட்ட பிறகுதான் பணம் கட்டுவோம். கப்பலில் இருந்துவிடும் ஆளுக்கும் விசா வேண்டுமா?

புழல் பெண்

கீரிமலையில் யாரையும் தடுப்பதில்லை ஐயா. ஐயர்மார் அங்கேயே இருப்பார்கள். எள், பூ எல்லாம் வாசலில் கிடைக்கும். கேணியில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம் உண்டு.

காசிமேட்டுக் கடலோடி

இறங்காதவருக்கும் காகிதம் சரியாக இருக்க வேண்டும் என்றுதான் கம்பெனிகள் பொதுவாகக் கேட்கும், ஏற்றும்போதே பார்ப்பார்கள். ஆறு பேருக்கும் இலங்கை இடிஏ (ஆன்லைனில் எடுக்கும் பயண அனுமதி) எடுத்துவிடுங்கள். பாஸ்போர்ட் ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியாக வேண்டும், அம்மா அப்பாவுடையதை முதலில் பாருங்கள். கேபின் நடுவில், கீழ்த் தளத்தில் கேளுங்கள், ஆட்டம் குறைவாக இருக்கும்.